சிறகு முளைத்த சுழியோடி

விஞ்ஞானத்துக்கும் கற்பனைக்கும் தீராப் பகை உண்டென நம்மவருள் ஒரு சாரார் எண்ணி வருகின்றனர். பௌதிகவியல் ஆசிரியர் சிறுகதை படித்தால் ஒளித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இலக்கிய மேடையில் பேசுவோரோ எண்களைக் கண்டால் முகஞ் சுளிக்கின்றனர். இரு சாராரோடும் நீண்ட காலம் பழகியவன் நான். அவர்கள் முன் ஒரு கட்டுரையின் வரலாற்றை வைக்க விரும்புகின்றேன்.

ஹென்றி ஸ்ரொமெல் என்பவர் அமெரிக்கச் சமுத்திரவியலறிஞர். பெருங்கடல்களின் மேற்கோரத்தில் நீரோட்டம் ஏன் இத்துணை வலுத்து ஓடுகின்றது என்பதை 1948இல் கணித வாயிலாக விளக்கிப் பெயர் பெற்றவர். அவர் 1989இல் ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதினார். சூத்திரமும் அட்டவணையும் நிறைந்த கட்டுரையன்று அது. 2021ஆம் ஆண்டில் வாழும் ஒருவன் கடந்த காலத்தை நினைந்து எழுதுவதாக அமைந்த கதை. சிறகுடைய சிறு கலங்கள் பெருங்கூட்டமாகக் கடலுக்குள் மூழ்கியும் எழுந்தும் உலகெங்கும் உலவுகின்றன. கடலின் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்து கரைக்கு அறிவிக்கின்றன. இதுவே அக்கதையின் பொருள். கலத்தின் மூல யோசனை அவர் நண்பரான டக்ளஸ் வெப் என்னும் பொறியியலாளருடையது. 1895 முதல் 1898 வரை தன்னந்தனியே பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிவந்த யோசுவா சிலோக்கம் என்ற மாலுமியின் பெயரையே கலத்துக்கும் இட்டனர். 1991 தைமாதம் புளோரிடாவிலுள்ள வக்குல்லா என்னும் நீரூற்றில் முதற் கலம் பரீட்சிக்கப்பட்டது. மறு ஆண்டுத் தைமாதத்தில் ஸ்ரொமெல் காலமானார். கதையில் அவர் குறித்த 2021ஆம் ஆண்டு வந்தபோது அத்தகைய கலங்கள் பல நாட்டுக் கடல்களிலும் உலவிக்கொண்டிருந்தன.

இக்கலத்தின் தத்துவம் ஆக்கிமிடீசின் தத்துவமே. நீளம் ஏறத்தாழ 2 மீற்றர். நிறை 50 அல்லது 60 கிலோகிராம். தள்ளிச் செல்ல விசிறி கிடையாது. ஒரு வகையில், உள்ளேயிருக்கும் எண்ணெயைச் சிறு பம்பி வெளியேயுள்ள பையொன்றினுள் செலுத்துகிறது. நிறை மாறாதிருக்கக் கனவளவு கூடுகின்றது, கலம் எழுகின்றது. எண்ணெயை உள்ளே இழுத்தால் அமிழ்கின்றது. மின்கலங்களை முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் செய்கின்றனர். இருபுறமும் சிறகு இருப்பதால், நேரே விழவேண்டிய கலம் சரிந்து முன்னோக்கிச் செல்கின்றது. ஆயிரம் மீற்றர் ஆழம் வரை சென்று மேலெழுந்து, தான் அளந்தவற்றைச் செய்மதி வழியே கரைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கட்டளையைப் பெற்று மீண்டும் மூழ்குகின்றது. மின்சாரச் செலவு மிகச் சிறிது. ஆகையால் மாதக்கணக்கில் கடலிற் கிடக்க முடிகின்றது.

2009 ஏப்ரல் 27இல் நியூ யேர்சிக் கரைக்கப்பால் விடப்பட்ட கலமொன்று அட்லாந்திக்கைக் கடந்து அவ்வாண்டு டிசம்பர் 4இல் ஸ்பானியாவின் பயோனாத் துறைமுகத்துக்கப்பால் எடுக்கப்பட்டது. 221 நாட்களில் ஏறத்தாழ 7,400 கிலோமீற்றர். கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்கூட இல்லை. நம்மூர் மாட்டு வண்டி இதனை எளிதில் முந்திவிடும். கொலம்பசின் கப்பல்களில் ஒன்றான பிந்தா 1493இல் புத்துலகச் செய்தியுடன் வந்து சேர்ந்த துறையும் பயோனாவே. என் மனத்தைத் தொட்டது வேறொன்று. கலத்தைக் கரையிலிருந்தபடி வழிநடத்தியவர்களுள் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தின் இளம் மாணவர்களும் இருந்தனர். அவர்கள் முந்திய ஆண்டில் அனுப்பிய கலம் அசோர்சுத் தீவுகளை அண்மித்த நிலையில் தொலைந்து போயிருந்தது. தொலைத்தவர்களிடமே மறுகலத்தைக் கொடுத்திருக்கின்றனர்!

மாணவர் என்றதும் என் நினைவு 1978க்குச் செல்கின்றது. மட்டக்களப்புப் பகுதியில் கடலோரக் கிராமப் பாடசாலையொன்றில் அப்போது நான் புதிய ஆசிரியன். கண்ணாடிப் போத்தலில் நீர் நிரப்பி, அதனுள் கண்மருந்து விடும் துளிகுழாயை மிதக்கவிட்டு, போத்தலின் வாயைச் சைக்கிள் ரியூப் துண்டொன்றினால் இழுத்துக் கட்டினேன். ரியூப்பை அழுத்தினால் குழாய் அமிழும், விட்டால் எழும். வகுப்பு முழுவதும் கைகொட்டிற்று. பின்வரிசையிலிருந்த மீனவர் மகனொருவன் மட்டும் எழுந்து, "சேர், இது மேலயும் கீழயும்தானே போகுது, முன்னுக்குப் போகாதா?" என்று கேட்டான். போகாது என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். டக்ளஸ் வெப்புக்குப் பிற்காலத்தில் பெருமை சேர்த்த கேள்வி இதுவே என்பதை அன்று நான் எங்ஙனம் அறிவேன்?

அவ்வாண்டு கார்த்திகை 23ஆந் திகதி இரவு சூறாவளி வந்தது. கிழக்கிலங்கையில் ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டுசென்ற சூறாவளி அது. பாடசாலையின் கூரை போயிற்று. அப்பையனின் தந்தையாருடைய வள்ளமும் போயிற்று. தைமாதத்தில் மரநிழலில் வகுப்பைத் தொடங்கியபோது அவன் வரவில்லை. தந்தையாருடன் கூலிக்குத் தொழிலுக்குப் போகின்றான் என்றனர்.

சூறாவளிக்கு உணவு கடலின் வெப்பம். செய்மதி கடலின் மேற்றோலையே காணும். அதன் கீழ் வெப்பநீர் எத்துணை ஆழத்துக்கு உண்டு என்பதை அதனால் நேரே அளக்க முடியாது. புயல் வீசும்போது கடலைக் கலக்கி ஆழத்துக் குளிர்நீரை மேலே கொணர்கின்றது; அதனால் தானே வலுக்குன்றுவதும் உண்டு. ஆனால் வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் மழையும் கொட்டும் நன்னீர், உவர்நீரின்மேல் இலேசான மூடிபோற் படர்ந்து கிடக்கின்றது. அந்த மூடி கலக்கத்தைத் தடுக்கின்றது. புயலும் வலுவிழவாது வருவதற்கு இடமுண்டாகின்றது. மூடி எங்கே எத்துணைத் தடிப்பு என்பதை உள்ளே இறங்கித்தான் அளக்கவேண்டும். அமெரிக்கர் 2014 முதல் தம் கரையோரப் புயல்களின் வலுவைக் கணிக்க இக்கலங்களைப் பயன்படுத்தி வருகின்றனர்.

நம் கடலுக்கும் இவை வந்தன. 2016 ஆனி, ஆடி மாதங்களில் சிந்து சாதனா என்னும் இந்திய ஆராய்ச்சிக் கப்பலில் வந்த இந்திய, பிரித்தானிய அறிஞர்கள் இலங்கைக்குக் கிழக்கே எட்டாம் பாகை அகலக்கோட்டு வழியே கலங்களை இறக்கிப் பருவமழையை ஆராய்ந்தனர். அக்கோடு மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே நம் நாட்டை வெட்டிச் செல்வது. சோழகக் காலத்தில் அரபிக்கடலின் உவர்நீர் இலங்கையின் தெற்கே வளைந்து விரிகுடாவுக்குள் புகும் பேரோட்டம் அங்கேதான் செல்கின்றது. ஆராய்ச்சி நன்று, வந்தவர்களுக்கு நன்றி. எனினும் நம் வாசலில் ஓடும் நீரின் கதையை நம் பிள்ளைகள் பிறர் எழுதிய ஏட்டிலிருந்து மட்டுமா படிக்கவேண்டும்?

நண்பரொருவர் மறுத்தார். "மீனவனுக்கு மண்ணெண்ணெய் விலை தலையிடி, நீர் இயந்திரப் புராணம் பாடுகின்றீர்," என்றார். விலைத் தலையிடி உண்மையே. கலமொன்றின் விலை ஓர் இலட்சம் அமெரிக்க டொலர் அளவில் இருக்கின்றது. ஆயினும் பெரிய ஆராய்ச்சிக் கப்பலொன்று கடலில் நிற்கும் சில நாட்களின் செலவே அது. உறுகுணையில் கடல் விஞ்ஞான பீடம் இருக்கின்றது; யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் விஞ்ஞானத் துறை இருக்கின்றது. கூட்டாக ஒரு கலம் வைத்து மாணவரிடம் ஒப்படைப்பது ஆகாத காரியமன்று.

நண்பரின் இரண்டாவது ஐயத்தை நான் அவ்வளவு இலகுவில் தள்ளிவிடேன். இக்கருவி வேவுக்கும் உதவும் என்றார். 2016 டிசம்பர் 15இல் பிலிப்பைன்சுக்கு அப்பாலுள்ள கடலில் அமெரிக்கக் கடற்படைக்குரிய கலமொன்றைச் சீனக் கடற்படை கைப்பற்றி ஐந்து நாட்களின் பின்னரே திருப்பிக் கொடுத்தது. வெப்பமும் உவர்ப்பும் நீருக்கடியில் ஒலி செல்லும் வழியை மாற்றுவன. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர்க்கும் ஒளிப்போர்க்கும் அவை வேண்டியவை. இந்து சமுத்திரத்தில் யார் அளக்கின்றார், அளந்ததை யாரிடம் கொடுக்கின்றார் என்று கேட்பதற்கேனும் அளக்கத் தெரிந்த நம்மவர் சிலர் வேண்டும். அறியாதவனிடம் அனுமதி கேட்பதும் கேளாதிருப்பதும் ஒன்றுதான்.

அண்மையில் அந்தப் பையனைக் கண்டேன். பையனா? அறுபதைத் தாண்டிய பேரன். அவர் கேள்விக்கான விடையை, காலந்தாழ்ந்தேனும், கடதாசியிற் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீவாடு எதிர்த்தால் என்ன செய்யும், சேர்?" என்றார். இம்முறையும் சரியான இடத்திற் பிடித்துவிட்டார். இதன் பெருங்குறை அதுவே. வலுத்த நீரோட்டம் எதிர்ப்பட்டால் கலம் பின்னோக்கி இழுபட்டுவிடும். ஓட்டத்தைக் கணித்து, அதைக் குறுக்கே வெட்டியோ அதனோடு இசைந்தோதான் செலுத்தவேண்டும் என்றேன். "அப்ப எங்கட பாய் வள்ளம்போலத்தான்," என்றார்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? "தன்னியக்க நீரடிச் சறுக்கு விமானம்" என்று எங்கோ கண்டேன். வாசித்து முடிக்குமுன் கலம் மூழ்கிவிடும். அரசகரும மொழித் திணைக்களத்தார் அக்காலத்தில் தொகுத்த கலைச்சொற்றொகுதிகளில் இக்கருவி இருக்க நியாயமில்லை. மன்னாரில் முத்துக் குளித்தவர்களைச் சுழியோடி என்றே நாம் அழைத்தோம். இதனைச் "சிறகுச் சுழியோடி" என்றால் என்ன என்று அவரைக் கேட்டேன். சற்று யோசித்து, சுழியோடி மூச்செடுக்க மேலே வருவான், இது கதை சொல்ல வருகுது, பரவாயில்லை என்றார். இதனினும் நல்ல சொல் அறிந்த அன்பர்கள் எழுதியனுப்பினால் நான் என் சொல்லைக் கைவிட ஆயத்தமாயிருக்கின்றேன்.