மணி இழுத்த பக்கம்

ஞாயிறு விடிந்தால் போதும், எங்கள் மணி என்னைப் பேசின் பிரிட்ஜிலிருந்து மூலகொத்தளம் வழியாகக் காசிமேடு வரை இழுத்துப் போகும். மீன் வாடை பட்டால் பாய்ச்சல்தான். "நீ நாயை மேய்க்கிறியா, அது உன்னை மேய்க்குதா?" என்பார் அப்பா.

ஒரு காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைக் கொன்ற இடம் எங்கள் பேசின் பிரிட்ஜ். 1996-இல் அது நின்று, கருத்தடையும் ஊசியும் வந்தன. ஆனாலும் மணி குரைத்தால் "எங்கயாவது விட்டுட்டு வாடா" என்கிறது தெரு. வாரம் முழுக்கக் கட்டிப்போட்டால் எந்த நாய்தான் குரைக்காது? ஓடவிட்டால் அடங்கும்.

தெரு பயப்படுவதும் நியாயமே. வெறிநோய் முற்றினால் மனிதன் பிழைப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் ஊசி அட்டையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; தேதி தவறினால் குற்றம் என்னுடையது.

நாய் வளர்ப்பவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாங்க, சங்கிலியோடு.