கரிசலில் வீடு

கரிசல் மண் ஊரான பசுவந்தனையில் சொந்த வீடா, வாடகை வீடா என்ற கணக்கை முதலில் மண் போடுகிறது. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். ஐப்பசியில் நிலையோடு இறுகித் திறக்க மறுக்கும் கதவு, பங்குனியில் இடைவெளி விட்டு ஆடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலில் விரல் நுனி நுழையும்; பூசி அடைத்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் வாய் பிளக்கும். இம்மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதி அகன்ற தூண் அடித்தளத்தை உருவாக்கியது. செலவைப் பார்த்து அடித்தளத்தைச் சுருக்குவதுதான் இங்கே பெரிய நஷ்டம்.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடி வீட்டுக்கு இது நல்ல கைகொடுப்பு. ஆனால் கரிசலின் அடித்தளச் செலவைத் தனியாகக் கணக்கிட்டு இந்தத் தொகையை உயர்த்த வேண்டும்.

பிழைப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் கோவில்பட்டி போகிறவர்களுக்கு வாடகையே சரி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதில் வேறாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவோர் குறைவு என்பதே வருத்தம்.

ஒத்தி என்றொரு வழியும் உண்டு. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையின்றி இருந்து, கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதையும் பத்திரமாக எழுதிப் பதிவு செய்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.