காதைக் கிழிக்கும் ஹாரனுக்குக் கணக்கு எங்கே?

திருவண்ணாமலை பஸ் நிலையம் பக்கம் சாயங்காலம் ஒரு பழக்கடை வாசலில் நின்று பாருங்கள். "ஒரு சீப்பு எவ்வளவுங்க?" என்று கேட்கிறார் ஒருவர். பின்னால் ஒரு பஸ் 'பாம்' என்று அலறுகிறது. "என்ன சார்?" என்கிறார் கடைக்காரர். மூன்றாவது தடவை கத்திய பிறகுதான் விலை தெரிகிறது.

இதனால் ஆளுக்கு அரை நிமிஷம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 பேர் வந்தால் 50 நிமிஷம். மாதத்துக்கு 25 மணி நேரம்! ஒரே கடையில் இவ்வளவு நஷ்டம். தெரு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உடம்பு போனால்? ஓயாத சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. மாரடைப்புக்கும் வழி வைக்கிறது. ரோட்டோரப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் மண்டையில் ஏறுவதில்லை. நாள் முழுக்க நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரருக்குக் காதே மந்தமாகிவிடலாம்.

வெளிநாட்டுக்காரர்கள் இதற்கும் கணக்குப் போட்டுவிட்டார்கள். போக்குவரத்துச் சத்தத்தால் மேற்கு ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய ஆண்டுகள் பறிபோவதாக 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதே 2011-ல் நம் நாட்டிலும் சத்தத்தை அளக்க ஆரம்பித்தார்கள். எங்கே? சென்னை உள்பட 7 பெருநகரங்களில்! சின்ன ஊர்க்காரனுக்கு மட்டும் காது இரும்பில் செய்ததா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு விதிப்படி கடைவீதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் எல்லை. குடியிருப்புப் பகுதியில் 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவித்தால் அங்கே 50, 40தான். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. பல குரலில் ஊளையிடும் ஹாரனுக்குத் தடை உண்டு. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 2,000 ரூபாய் அபராதம்.

ஆனால் அளக்காமல் வியாதிக்கு மருந்து ஏது? பஸ் நிலையம், தேரடி வீதி, ஆஸ்பத்திரி வாசல், செங்கம் ரோடு ஆகிய நான்கு இடங்களில் கருவி வைத்து ராப்பகலாக அளக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு தடவை, லட்சக்கணக்கில் ஜனம் 14 கிலோ மீட்டர் கிரிவலம் வரும் பௌர்ணமியில் ஒரு தடவை. வந்த எண்ணைப் பலகையில் எழுதி ஊருக்குக் காட்ட வேண்டும். எல்லை தாண்டிய இடத்தில் அபராதப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

டிரைவர் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னால் வழி இல்லாதபோது ஹாரன் அடித்தால் வழி பிறந்துவிடுமா?

மௌனத்தையே உபதேசமாகத் தந்த ரமணர் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த ஊர் இது. மௌனம் வேண்டாம் சாமி, பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழுந்தால் போதும். அதிகாரிகள் கவனிப்பார்களா?