வடம் தொட்டவர்கள்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வந்து வடம் தொடுவது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். தொட்டதும் படம் எடுப்பார்கள். ஆளுநர் தேரிழுத்தார் என்று மறுநாள் செய்தி வரும். ஊரார் இதை மறுப்பதில்லை. தேர் நிலைக்கு வந்தால் போதும், பேர் யாருக்குப் போனால் என்ன என்கிற பெருந்தன்மை. ஆனால் வடம் தொட்டவர் திரும்பி நின்று, உங்களுக்கெல்லாம் தேரிழுக்கத் தெரியவில்லையே, வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கட்டுமா என்று கேட்டால் எப்படியிருக்கும்? புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களை உயர்தொழில்நுட்ப வட்டாரமாக்க வழி சொல்லி நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரை அப்படித்தான் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லாவிட்டாலும் குறையில்லை, கருத்தரங்குகளில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகவே தெரியும்.

வில்லியனூரும் பாகூரும் நெல்லும் கரும்பும் தவிர வேறெதையும் அறியாத, அறிவு மரபே இல்லாத மண் என்று தொடங்குகிறார். பாகூரைப் பற்றி இதை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வாகூர் (பாகூரேதான்) வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்த செப்பேடு, தமிழகக் கல்வி வரலாறு படிக்கத் தொடங்கும் எவருக்கும் ஆரம்பப் பாடம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்லூரிக்கு நிலைநிதி வைத்த ஊரை நண்பர் கரும்புத் தோட்டமாகப் பார்க்கிறார். அங்கே யாருக்குப் பாடம் சொன்னார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பது தனிக் கணக்கு. அதை மூடி மறைத்து மார்தட்ட எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று கல்விக்காக ஊர் வருவாயைக் கொடுத்தார்கள். நண்பரின் திட்டத்தில் கல்வியைக் காட்டி ஊரிடமிருந்து நிலம் எடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே வகைப் 'பார்வை' என்று நம்பச் சொல்கிறாரா?

போகட்டும், செப்பேடு பழங்கதை. கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம், அங்கேதான் அவர் உண்மையில் வழுக்கி விழுகிறார். இந்தக் கொம்யூன்களில் நடந்த அறிவியல் முயற்சிகள் எல்லாம் தரும காரியங்கள், அவற்றிலிருந்து ஒரு நிறுவனம்கூட முளைக்கவில்லை, ஆகவே தோல்வி என்கிறார். எந்த முயற்சிகள்? பெயர் இல்லை. பெயர் சொன்னால் வாசகர் தேடிப் பார்த்துவிடுவார் அல்லவா? நான் சொல்கிறேன். 1991-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் பக்கத்தில் தொடங்கிய உயிரியல் கிராமத் திட்டம் ஒன்று. கனடாவின் உதவியோடு 1998-ல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் மற்றொன்று. முன்னதில் நிலமற்ற பெண்கள் சிப்பிக்காளான் வளர்த்தார்கள்; ஆய்வுக்கூடத்து உத்தி வைக்கோல் படுக்கையில் வந்து இறங்கியது. பின்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நண்பர் கனவு காணும் 'உயர்தொழில்நுட்பம்' இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. அவர்தான் அப்போது ஊரில் இல்லை போலிருக்கிறது.

தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் கணிப்பொறியைக் கோத்தார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடு வைத்தார்கள். ஏம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம். நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். ஊருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றுதான் முக்கியமானது: சேரி மக்கள் உட்பட எல்லாரும் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வாகூர் வித்தியாஸ்தானம் கேட்காத கேள்வியை ஒரு கணிப்பொறித் திட்டம் கேட்டது. வீராம்பட்டினத்து மீனவர்கள் விதைநெல் விலையையா கேட்டார்கள்? அலை எவ்வளவு உயரம் எழும் என்று கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழில் குரல்பதிவாக்கி அனுப்ப, குப்பத்து ஒலிபெருக்கியில் அது அறிவிப்பாக வந்தது. 2001-ல் ஸ்டாக்ஹோம் சவால் விருது வந்தது. விருதுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நண்பர் எடுத்துக்கொள்வார் என்பதற்காகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். இந்தத் திட்டத்தின் அறிவு மையம் அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்தது. 3,600-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த குப்பம் தப்பியது. போனவை வீடுகளும் படகுகளும்.

இது தோல்வி. ஏனென்றால் இதிலிருந்து பங்குச் சந்தைக்கு ஒரு கம்பெனி போகவில்லை.

சரி, அவர் அளவுகோலையே கையில் எடுப்போம். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் யோசனை பிற்பாடு மீனவர்களுக்கான அலைபேசிச் செயலியாக வளர்ந்தது. அதில் கூட்டுச் சேர்ந்தது யார்? சான் டியாகோவின் குவால்காம். உலகத்து அலைபேசிச் சில்லுகளில் கணிசமான பங்கை வடிவமைக்கிற கம்பெனி நம் குப்பத்துக் கேள்வியின் மதிப்பைக் கண்டுகொண்டது. கோரிமேட்டுக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவே வாழும் நம் பொருளியல் நிபுணருக்குத்தான் அது கண்ணில் படவில்லை. 2005-06 நிதிநிலை அறிக்கையில் ஊருக்கொரு அறிவு மையம் என்ற இலக்குக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார் ப. சிதம்பரம். அந்த யோசனைக்கு முன்மாதிரி எங்கே இருந்தது என்று நண்பர் யோசித்ததுண்டா? 'தரும காரியம்' என்று ஒரு பக்கத்தில் ஒதுக்குகிறார். நாலு பக்கம் தள்ளி, அரசு கிராமந்தோறும் எண்மச் சேவை மையம் வைக்க வேண்டும் என்று புத்தம்புது யோசனைபோலப் பரிந்துரைக்கிறார். தன் கட்டுரையின் முன்பாதியைத் தானே படிக்காமல் பின்பாதியை எழுதுகிறவரை என்ன சொல்வது?

கொசு விஷயம் இன்னும் வேடிக்கை. உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் ஒன்று உடனடியாக வேண்டும் என்கிறார். 1975 முதல் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இங்கே இருக்கிறது என்பதை யாராவது அவரிடம் சொல்லுங்கள். பி. கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்தபோது, 1981 முதல் 1985 வரை, யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைப் புதுச்சேரி நகரத்தில் மருந்தை மட்டும் நம்பாமல் கட்டுப்படுத்திக் காட்டியவர்கள் அவர்கள். கடலோரக் குப்பங்களில் மலேரியாக் கொசு பாசிக்குள் முட்டையிடுவதைப் பார்த்துவிட்டு, பாசியை அள்ளிக் காகிதம் செய்யலாம் என்று ஊராருக்குக் காட்டினார்கள். காசு வந்தது, பாசி போனது, கொசுவும் குறைந்தது. ஆராய்ச்சியைப் பொருளாதாரமாக மாற்றுவது என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியாவில் அந்த மையம் உருவாக்கிய தொழில்நுட்பம் உரிமம் பெற்று வெளி நிறுவனங்களுக்குப் போனது. 2022-ல் டெங்கு பரவாமல் தடுக்க வோல்பாக்கியா ஏற்றிய கொசு இனங்களை உருவாக்கியிருப்பதாக அறிவித்தார்கள். ஆக, ஆராய்ச்சி இல்லை என்பது பொய். என்ன இல்லை?

இந்தக் கேள்வியை நண்பர் கேட்டிருந்தால் கட்டுரை வேறு மாதிரி ஆகியிருக்கும். இல்லாதது வாங்குகிறவர். முதல் சரக்குக்கு, அது கொஞ்சம் கோணலாக இருந்தாலும், விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் கை. பழந்துறைமுகமான அரிக்கமேட்டின் மணியைப் பாருங்கள்: கண்ணாடியை இழுத்து மணி செய்த அந்தத் தொழில்முறை இன்று அரியாங்குப்பத்தில் இல்லை, ஆந்திரத்து பாப்பநாயுடுபேட்டையில் அப்படிச் செய்த கைகள் இருந்தன. கப்பல் நின்றது, வாங்குகிறவன் போனான், தொழில் மூட்டை கட்டியது.

நண்பர் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஏழு இடத்தில் சொல்கிறார் (எண்ணினேன், வேறு வேலையில்லாத மாலை அது). 1951-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் நிலத்தில் தொழிற்பூங்கா தொடங்கியது, ஃபிரெடரிக் டெர்மன் அதற்குத் தகப்பன், ஆகவே சேதராப்பட்டில் பூங்கா அமைத்தால் அதுவே நடக்கும், இதுதான் தர்க்கம். 1957-ல் தோன்றிய ஃபேர்சைல்டின் சரக்கைத் தொடக்கத்தில் யார் வாங்கினார்கள்? தோசைக்கடைக்காரரா? ஏவுகணைக்கும் அப்பல்லோ விண்கலத்துக்கும் அமெரிக்க அரசாங்கம் வாங்கியது. விலை ஏறத்தாழ நகை விலையாக இருந்த காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி, விலை குறையும்வரை தாங்கிப் பிடித்தது. நண்பர் பூங்காவைப் பார்த்திருக்கிறார், கல்லாப்பெட்டியைப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ஐதராபாத்துக்கு ஜீனோம் பள்ளத்தாக்கு என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1997-ல், சாந்தா பயோடெக்னிக்ஸ் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியைச் சந்தையில் இறக்கிவிட்டது. அதற்கும் முன்னால் 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் தொடங்கிய அஞ்சி ரெட்டி, பொதுத்துறை ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்தவர். மருந்துகளில் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தலைமுறைக்குக் கதவைத் திறந்தது. பூங்கா கடைசியாக வந்து ரிப்பன் வெட்டிக்கொண்டது. வடம் தொட்டவர் என்று முதலில் சொன்னேனே, அவர்தான்.

புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் கொசு மருந்து வாங்குகிறது. கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்றில் உப்பு ஏறுவதை அளக்க வேண்டியிருக்கிறது. பங்காரு வாய்க்காலில் தென்பெண்ணைத் தண்ணீர் எவ்வளவு வந்தது, பாகூர் ஏரியில் எவ்வளவு நின்றது என்று தெரிந்தால் மதகைத் திறக்கிறவருக்கு உதவும். பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இதே நிலப்பரப்பில் இருக்கின்றன. இங்குள்ள கூடத்தில் பிறந்த கருவியை ஐந்தாண்டுக்கு வாங்குவோம் என்று ஒரு கொள்முதல் ஆணை, ஒரே ஒரு தாள். நண்பரின் பரிந்துரைப் பட்டியலில் இருபதுக்கு மேல் அம்சம் உண்டு, இது இல்லை. ஏன்? இதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவைப்படாது.

உயர்தொழில்நுட்பத்துக்குச் சான்றாக லெனோவோவைக் காட்டுகிறார். நல்ல சான்று, எனக்கு. 2024 செப்டம்பரில் அந்தக் கம்பெனி, ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு சர்வர்களைப் புதுச்சேரி ஆலையில் செய்யப்போவதாக அறிவித்தது. அதே அறிவிப்பின் அடுத்த வரி, ஆராய்ச்சிக்கூடம் பெங்களூரில். பூட்டுகிற வேலை இங்கே, யோசிக்கிற வேலை அங்கே. பூட்டும் வேலையை நான் இளக்காரம் செய்யவில்லை. ஆயிரம் குடும்பம் அதில் சாப்பிடுமானால் வரவேற்பேன். ஆனால் உள்ளூர் ஆராய்ச்சி தொழிலாக மலர்ந்ததற்கு இதை உதாரணம் என்று சொல்பவர், அறிவிப்பைப் பாதியில் மடித்து வைத்துவிட்டாரா, அல்லது நாம் மடித்துப் படிப்போம் என்று நினைத்தாரா?

வரிவிலக்கு பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. வருமான வரி விலக்கும் விற்பனை வரி விலக்கும் இருந்த நாளில் ஆலைகள் வந்தன, விலக்கு முடிந்ததும் பல ஆலைகள் பெட்டி கட்டின. மேட்டுப்பாளையத்திலும் திருபுவனையிலும் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்த பொருளியல் இது. சந்தைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும் என்று முதல் பத்தியில் கொடி ஏற்றிவிட்டு, நிலம், மின்சாரம், சாலை, வரி நான்கையும் அரசு இலவசமாகத் தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் கையேந்துவது என்ன சந்தை?

இளைஞர்களுக்குத் திறன் இல்லை என்கிற குற்றச்சாட்டு, பதில் சொல்லவே கூசுகிறது. ஏம்பலத்துப் பெண்கள் 1990-களின் கடைசியிலேயே தமிழில் தட்டச்சு செய்து ஊர்த் தகவல் தொகுத்தவர்கள். கீழூர் 1954 அக்டோபர் 18-ல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த ஊர். எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று தெரியாதாம். திறன் இருக்கிறது, அது காலை ரயிலிலும் இரவுப் பேருந்திலும் ஏறி சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது.

இனி சேதராப்பட்டு. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று சொல்லி சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சுமார் 750 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு நிலம் சும்மா கிடந்தது. விலை குறைத்துக் கொடுத்துவிட்டோமே என்ற புலம்பலும், பிள்ளைக்கு வேலை தருவதாகச் சொன்னார்களே என்ற கேள்வியும் அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் மூத்துப்போய்விட்டன. இந்த வரலாறு நண்பருக்குத் தெரியும். தெரிந்ததால்தான், அங்கே இருக்கிற நிலம் போதாது, பாகூர்ப் பக்கத்திலும் நஞ்சையைத் தொழில் வகைப்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்கிறார். ஒரு மண்டலம் நிரம்பாதபோது இன்னொன்று எதற்கு? ஆராய்ச்சிக்கூடத்துக்கா? ஆராய்ச்சிக்கூடம் எவ்வளவு இடம் கேட்கும் என்று பிள்ளையார்குப்பத்து உயிரியல் கிராம மையத்துக்குப் போய் அளந்து பார்க்கலாமே.

கட்டுரை முழுக்கப் புத்தாக்கம், சூழலமைவு, அறிவுப் பொருளாதாரம் என்று நெய்யை ஊற்றிக்கொண்டே போனவர், கடைசிக்கு முந்தைய பத்தியில் களைப்பில் கை தவறி ஒரு வாக்கியம் எழுதிவிட்டார்: திட்டம் அறிவிக்கப்பட்ட உடனேயே சுற்றுவட்டாரத்தில் மனை விலை உயரத் தொடங்கும் என்று. பூங்கா கட்டி முடித்த பிறகுகூட இல்லை, அறிவித்த உடனே. மற்ற பத்திகளை நான் வரிவரியாக மறுத்தாயிற்று. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மாற்ற ஓர் எழுத்தும் இல்லை.