பூட்டா, கொண்டியா?

கேள்வி: வீட்டுப் பின்புறப் புரையில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினும் மோட்டாரும் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துப் புரையில் களவு போய்விட்டது. பெரிய பூட்டு வாங்கினால் போதுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: போதாது. பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, கொண்டிதான் பெயர்கிறது. மரத்தில் திருகாணி போட்டிருந்தால் ஒரு கடப்பாரைக்கு ஆகும் வேலையே அது. கதவைத் துளைத்து போல்ட் மாட்டி, நட்டை உள்பக்கம் முறுக்குங்கள். கீலுக்கும் அப்படியே. இடவப்பாதி மழையில் தகரக் கூரை இரைச்சலில் எந்தச் சத்தமும் வீட்டுக்குக் கேட்காது. காய்ந்த ஷீட்டை அந்த நாட்களில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். விலை ஏறட்டும் என்று புரையில் அடுக்குவோர்தான் அதிகம் இழக்கிறார்கள். மோட்டார் தகட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் மெஷின் சட்டத்திலும் உங்கள் அடையாளத்தைப் பொறியுங்கள். களவு போனால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.