பல்மருத்துவர்க்கு வேண்டும் வினைத்திட்பம்

உணவுக்கும் உரைக்கும் நகைக்கும் ஒருங்கே துணையாவது பல்லேயாம். நோவு தீர்க்கும் பல்மருத்துவம் யாவரும் அறிந்தது. முகத்தின் பொலிவை நோக்கிச் செய்யும் பல்மருத்துவமோ இப்பொழுது நம் நாட்டுச் சிற்றூர்கள்வரை வந்து நிற்கின்றது. நிறங்கெட்ட பல்லை வெளுப்பித்தலும், முறிந்த பல்லுக்கு வடிவு தருதலும், முன்வரிசை முழுவதையும் பூவிதழ் போன்ற மெல்லிய பீங்கான் தகட்டாற் போர்த்தலும் இவ்வகையைச் சார்ந்தன. இவற்றுள் அரியனவற்றை ஏற்றுச் செய்யும் மனவுறுதியை இளம் பல்மருத்துவர் எங்ஙனம் பெறுவர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். மருத்துவர் ஆகாதாரும் என்றேனும் ஒருநாள் அந்நாற்காலியில் அமர வேண்டியவரே. ஆதலின் இது நம் அனைவர்க்கும் உரிய பேச்சேயாம்.

அழகுக்காகப் பல்லைத் தொடுதல் வீண் ஆடம்பரம் என்பாரும் உளர். அவர் ஒருமுறை தருமபுரிப் பக்கம் சென்று வருவாராக. அங்கே நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருத்தலால், பல்லானது தாடைக்குள் உருவாகும் இளம் பருவத்திலேயே அதன் மேற்பூச்சு குறையுற்று, முளைக்கும்போதே வெண்புள்ளி கொண்டு வெளிப்படுகின்றது; பழுப்புக் கறை முளைத்தபின் ஏறுகின்றது. காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதற்குமுன் வளர்ந்தோரின் பற்கறையைப் புதுநீர் கழுவித் தராது. சிரிப்பு வரும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்ளும் ஓர் இளைஞனை நினைமின்! அவன் வேண்டுவது ஆடம்பரமன்று; பிறர்முன் நிமிர்ந்து பேசும் உரிமையேயாம்.

இத்தகையோன் ஒரு சிற்றூர் மருத்துவரிடம் வருங்கால் இருவகைத் தீங்கு நேரக்கூடும். "இஃது என்னால் ஆகாது, பெருநகருக்குப் போ" என்று முதற்பார்வையிலேயே கைவிடுதல் ஒன்று. சில நாட் பயிற்சியொன்றிற் பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டிய வேகத்தில், பத்துப் பற்களையும் அன்றே சீவித் தள்ளுதல் மற்றொன்று. முன்னதை அச்சம் என்றும் பின்னதை நம்பிக்கை என்றும் உலகம் கூறும். எமக்கோ இரண்டும் ஒரே குறையின் இரு முகங்களாகத் தோன்றுகின்றன. தன் கை எதுவரை செல்லும் என்பதை அறியாமையே அக்குறை. அதனை அறிந்தவனுக்கே உண்மையான திட்பம் வாய்க்கும்.

இதனை விளக்க நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் நாட்டுக்கோட்டையார் மாளிகைகளை அணிசெய்யும் தரைக்கல் வார்க்கின்றார்கள். கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைதோறும் நிறங்கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். பின் அச்சை எடுத்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியும், அதற்கு மேல் ஈரச்சாந்தும் இட்டு மட்டஞ்செய்வர். கல் இறுகியபின் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். இதற்குச் சூளை இல்லை; நெருப்பும் இல்லை. கல்லின் முகம் கண்ணாடியை நோக்கிக் கவிழ்ந்திருத்தலால், சாந்து மூடியபின் தொழிலாளி காண்பது முதுகையே. கண்ணாடி நீங்கியபின்னரே பூவின் வடிவு தெரியும். காணாத முகத்தை அவர் எதனால் நம்புகின்றார்? அதே வினையைப் பன்னூறு முறை செய்து, ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிப் பார்த்து, குழம்பின் பதத்தையும் கையின் விரைவையும் திருத்திக்கொண்டமையாலன்றோ? அவரது நம்பிக்கை பிறவிக்குணமன்று. பார்த்துப் பார்த்துச் சேர்த்த முதல்.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. கல் ஒன்று கெட்டால் ஒதுக்கிவிட்டு வேறொன்று வார்க்கலாம். சீவிய பல் மீண்டும் வளராது. பல்லின் மேற்பூச்சை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைத்ததும் மறைந்துபோதலின், போனது போனதேயாம். 1930-களில் அமெரிக்கத் திரைப்பட நடிகர்க்குச் சார்லஸ் பிங்கஸ் என்பார் ஒட்டிய தகடுகள் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றப்பட்டன. நிலையாய் நிற்கும் ஒட்டு அக்காலத்து இல்லை. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்னும் அறிஞர், அமிலத்தாற் பல்லின் மேற்பூச்சை நுண்ணிதாய்ச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதனை இறுகப் பற்றும் எனக் காட்டினார். அவ்வழியிலேயே 1980-களில் பீங்கான் தகடுகளும் நிலையாக ஒட்டப்பெறலாயின. இத்தகட்டுக்காகப் பல்லின் முகத்தைப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே சீவுவர். அவ்வரை மில்லிமீட்டரும் நோயாளனின் வாழ்நாட் சொத்தன்றோ?

ஆதலின் தரைக்கல் வார்ப்போர் தம் கல்லிலேயே பெறும் பயிற்சியைப் பல்மருத்துவர் வாய்க்குப் புறத்தே பெறல் வேண்டும். பிடுங்கிய பற்களிலும் செயற்கைத் தலையிலும் பழகுதல் முதற்படி. ஒரு பல்லின் ஓரமுறிவைப் பிசினால் நிரப்பி, அயற்பல்லோடு நிறம் இசையச் செய்தல் அடுத்த படி. ஒற்றை முன்பல்லை அதன் இணைப்பல்லுக்கு ஒப்பாக்குதலே மிக அரிது என்பர் இத்துறை வல்லார். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டுமாதலின், வேலை தொடங்குமுன்னரே பகலொளியில் நிறம் பார்த்தல் முதலிய சிறு ஒழுக்கங்கள் அங்கேதான் கைக்கு வரும். முழுவரிசையை ஏற்குங்காலத்து, பல்வரிசையின் சாந்துப் படிமத்தின்மேல் மெழுகால் வருங்கால வடிவத்தை முன்னரே வனைந்து, அதனைச் சீவாத பற்களின்மேலேயே பிசினால் ஏற்றி நோயாளனுக்குக் காட்டலாம். பேசவும் சிரிக்கவும் செய்து அவன் பார்க்கட்டும். "வேண்டா" என்று அவன் சொன்னால் இழப்பு மெழுகுக்கே; பல்லுக்கன்று. கறைபடிந்த பல்லுக்கும் இம்முறையே தகும். மேற்பரப்பை நுண்ணிதாய்த் தேய்த்தலும் வெளுப்பித்தலும் முன், பிசின் பின், தகடு இறுதி. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து, ஆண்டு கழிந்தபின் மீண்டும் நோக்குவாரேல், அதுவே கண்ணாடி நீக்கிக் கல்லின் முகத்தைப் பார்த்தலாகும்.

இக்காலத்தில் கணிப்பொறி வடிவெழுதுகின்றது. இயந்திரம் பீங்கானைக் கடைகின்றது. மருத்துவரின் கைத்திறத்துக்கு இனி வேலை என்னை எனச் சிலர் கேட்கின்றனர். இயந்திரம் கடைவது அதற்குத் தரப்பட்ட அளவையே. எவ்வளவு சீவுவது, எங்கே நிறுத்துவது, எவரைத் திருப்பி அனுப்புவது என்பனவற்றை அஃது அறியாது. திருப்பி அனுப்புதலும் திட்பத்தின் பகுதியே. ஈறு வீங்கியவர்க்கும் இரவிற் பல் நெறிப்பவர்க்கும் முதலில் அவற்றைத் தீர்க்காமல் தகடு ஒட்டலாகாது என உரைக்க உரம் வேண்டும். திருவள்ளுவர் வினைத்தூய்மையை முன்வைத்து அதனை அடுத்தே வினைத்திட்பத்தை வைத்த முறைமையை யாம் இங்கு நினைவுகூர்கின்றோம். தூய்மை முந்தாத திட்பம் வெறுந் துணிச்சலாய்விடும்.

ஆனால் இதனைத் தனியொருவர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியன்று. நான்காண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து வெளிவரும் இளைஞர் எளிய வேலைகளுக்கே ஆயத்தராவர். அரியவற்றுக்கு அருகிருந்து கைகாட்டும் மூத்தோர் வேண்டும். ஆத்தங்குடிக்கு அண்மையிலுள்ள கானாடுகாத்தானிற் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்திற் பல்கலைக்கழகம் நிறுவினார். அங்கே 1980-இல் பல்மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. கட்டடமும் பட்டமும் கொடையாளர் தரக்கூடும். கைப்பழக்கத்தை மூத்தவர் இளையவர்க்கு நேரிற்றான் தருதல் வேண்டும். நம் பழைய மாணவருள் மருத்துவத்துறையினர் திங்களுக்கு ஒருநாளேனும் ஓர் இளையவரைத் தம் நாற்காலியருகே நிறுத்திக்கொள்வாராயின், அச்சத்தாற் பெருநகருக்குத் துரத்தப்படுவோரும் துணிச்சலாற் கெடுக்கப்படுவோரும் குறைவர்.

நமக்கும் கடமை உண்டு. திருமணத்துக்கு ஒரு கிழமை முன் மருத்துவரிடம் சென்று, "படம் எடுப்பதற்குள் பல்லை முத்தாக்குக" என்று நெருக்குவோர், அவர் மெழுகில் முயன்று பார்க்கும் காலத்தைப் பறிக்கின்றனர். கல் நீரில் ஊறும் நாளைக் குறைத்துக் கேட்பார் எவரும் இலர். பல்லுக்கு மட்டும் ஏன் அவ்விரைவு? நன்மருத்துவர் "பொறுங்கள்" என்றால் பொறுப்போம். "வேண்டா" என்றால் அவரைக் கோழையென இகழாதிருப்போம். அவர் சிறியவற்றைச் செவ்விதிற் செய்து, பெரியவற்றுக்குப் படிப்படியாய் ஏறிவருவாராக. அங்ஙனம் வந்த கையின்முன் அச்சமின்றி வாய் திறக்கலாம் என்பதே எம் கருத்து.