நாட்டுப்பற்றை நிறுக்கும் தராசு எவர் கையில்?

தோழா!

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் கடந்து வடக்கே போ. ஆலைகள் சூழ்ந்த கும்மிடிப்பூண்டியிலே ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. வெளியுறவு என்பது டில்லி மாளிகையிலே மட்டும் பேசப்படும் பொருள் என்று எவரேனும் சொன்னால், அவரை அங்கே அழைத்துச் செல். 1983-இல் கொழும்பிலே மூண்ட தீ, கும்மிடிப்பூண்டியிலே குடியிருப்பாக நிற்பதைக் காட்டு!

2022-இல் ராகுல் காந்தி, நம் மண்ணில் 2,000 சதுர கிலோமீட்டரைச் சீனம் பிடித்துக்கொண்டது என்றார். படையினரை இழிவுபடுத்தினார் என்று லக்னோவில் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 2025 ஆகஸ்ட் 4-இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கின் விசாரணைக்குத் தடை விதித்தது. நன்று! ஆனால், அதே மூச்சிலே நீதிபதி தீபங்கர் தத்தா, உண்மையான இந்தியர் இப்படிப் பேசமாட்டார் என்றார். நாடாளுமன்றத்திலே பேசலாமே என்றும் கேட்டார். உண்மை இந்தியர் யாரென்று முடிவு செய்வது நீதிபதிகளின் வேலையல்ல என்று மறுநாள் விடை தந்தார் பிரியங்கா காந்தி.

அதே ஆண்டு மே 19-இல், ஈழத்தமிழர் ஒருவர் தம்மை நாடு கடத்தவேண்டாம் என்று முறையிட்டபோது, இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்றவரும் இதே நீதிபதிதான். அடைக்கலம் தருவதா, மறுப்பதா என்பதும் வெளியுறவுதானே! நீதிபதி பேசினால் கருத்து. தலைவர் பேசினால் பழியா?

நீதிமன்றம் வெளியுறவைத் தொடவே கூடாது என்பதல்ல நம் வாதம். 1958-இல் நேரு–நூன் உடன்பாடு, பெருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குத் தர இசைந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் மண்ணை வழங்க இயலாது என்று 1960-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. நேருவின் அரசு பணிந்தது. அவ்வாண்டே 9-ஆவது திருத்தம் பிறந்தது. 1974-இல் கச்சத்தீவு போனபோதோ, அத்தகைய திருத்தம் எதுவும் இல்லை! பெருபாரியிலே நீதிமன்றம் சட்டத்தை நிறுத்துப் பார்த்தது. எவருடைய நாட்டுப்பற்றையும் நிறுக்கவில்லை.

பதவிநீக்கத் தீர்மானம் வந்தாலன்றி, நீதிபதியின் பணியை நாடாளுமன்றம் விவாதிக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 121-ஆவது பிரிவு. அரசியல்வாதியின் நாவுக்குக் கட்டிய அந்தக் கரை, ஆசனத்தில் அமர்ந்தோர் நாவுக்கும் வேண்டாமா? பேசும் உரிமையோ, 19-ஆவது பிரிவு குடிமக்கள் அனைவர்க்கும் தந்தது. நாடாளுமன்றத்தில் இடம் பெறாத மீனவனும், முகாமின் பக்கத்து வீட்டுக்காரனும் எங்கே போய்ப் பேசுவர்? தெருவிலேதான்!

ஆகவே, தோழா! தீர்ப்புக்குத் தலைவணங்கு. தீர்ப்பிலே இடம்பெறாத சொல்லுக்கு விடை சொல்லத் தயங்காதே. மண்ணைப் பற்றிக் கேட்பவன் பகைவனல்லன், மண்ணுக்கு உரியவன்!